முதல் பந்தி நுண்ணுயிர்களுக்கு

வைக்கோலை எரிக்க மனமில்லாமல் வயலிலேயே மடக்கி உழுது, கையோடு அடுத்த பயிரை வைக்கிறார்கள் சிலர். சில வாரங்களில் பயிர் வெளிறி மஞ்சளடிக்கிறது. "இவ்வளவு தழை போட்டும் பயிர் எழும்பலையே" என்று யூரியா மூட்டையைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. மண்ணுக்குள் பந்தி நடக்கும் முறை தெரிந்தால் இந்தக் குழப்பம் வராது.

ஒரு கிராம் வளமான மண்ணில் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றின் உடலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜனுக்கு) ஏறக்குறைய 8 பங்கு கரிமம் இருக்கிறது. மூச்சுவிடுவதற்குச் செலவாகும் கரிமத்தையும் சேர்த்தால், உணவில் ஒன்றுக்கு 24 என்ற விகிதம் அவற்றுக்குப் பொருந்தும். நெல் வைக்கோலிலோ ஒன்றுக்கு 60-க்கு மேல். குறையும் தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. முதல் பந்தியில் அவை உட்கார்ந்துவிட, பயிர் காத்துக் கிடக்கிறது.

எடுத்தது எங்கும் போய்விடாது. பாக்டீரியாக்களைப் புரோட்டோசோவாக்களும் நூற்புழுக்களும் தின்கின்றன. நூற்புழு என்றாலே வேரைக் கெடுப்பது என்று நினைக்கிறோம். பாக்டீரியாவை மட்டுமே தின்று பிழைக்கும் வகைகளும் ஏராளம். தங்கள் தேவைக்கு மிஞ்சிய தழைச்சத்தை இவை அம்மோனியமாகக் கழிக்கின்றன. அது வேருக்குக் கிடைக்கிறது.

பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டின் கணக்கு வேறு. ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, சுமார் 45 நாளில் பூவெடுக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், இளம் தழையில் தழைச்சத்து தாராளமாக இருப்பதால் சீக்கிரம் மட்கி, நுண்ணுயிர்கள் உண்டது போகப் பயிருக்கும் மிஞ்சும். நாள் தள்ளினால் தண்டில் நார் ஏறி, வைக்கோலின் குணம் வந்துவிடும்.

உழுவதற்கு முன் ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். உருண்டை உருண்டையாக முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதமான லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது. முடிச்சுக்குள் வாழ்ந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் ரைசோபியம் பாக்டீரியாவின் நொதி, ஆக்சிஜன் கூடினால் செயலிழந்துவிடும்; ஆனால் பாக்டீரியா உயிர்வாழ ஆக்சிஜனும் வேண்டும். இந்தச் சிவப்புப் புரதம் அதைக் கட்டிவைத்து அளவாகப் பரிமாறுகிறது. முடிச்சுக்குள் சிவப்பு இருந்தால் வேலை நடக்கிறது. பச்சையோ பழுப்போ என்றால் முடிந்துவிட்டது. வளர்ந்த செடியிலும் வெள்ளையாகவே இருந்தால், அடுத்த முறை விதையை ரைசோபியத்தில் நேர்த்தி செய்து விதைக்க வேண்டும்.

வைக்கோலை எரிக்காதீர்கள். சாணத்தோடு சேர்த்து மட்கவைத்துப் போடுங்கள், அல்லது தோட்டப் பயிருக்கு மூடாக்காகப் பரப்புங்கள். மடக்கி உழுதே தீர வேண்டுமென்றால், மட்குவதற்குச் சில வாரம் விட்டு நடுங்கள்.