641 உடைத்த எண்

தேநீர் ஆறுவதற்குள் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். எண் இதுதான்: 429,49,67,297. முப்பத்திரண்டு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்த விடையோடு 1 கூட்டினால் கிடைப்பது. இது பகா எண்தானா?

ஆம் என்றே 1640 வாக்கில் நம்பினார் பிரான்சின் கணிதவியலாளர் ஃபெர்மா. நம்பக் காரணமும் இருந்தது. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொன்றிலும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 வரும். ஐந்தும் பகா எண்கள். அடுத்த அடுக்கு 32. 1729-இல் கணிதவியலாளர் கோல்ட்பாக் இதைப் பற்றி இன்னொரு கணிதவியலாளரான ஆய்லருக்குக் கடிதம் எழுதினார். 1732-இல் ஆய்லர் காட்டிவிட்டார்: அந்த எண் 641-ஆல் மீதியின்றி வகுபடும்; ஈவு 67,00,417.

வகுத்துச் சரிபார்ப்பது எளிது. ஏன் வகுபடுகிறது என்று வகுக்காமலே பார்ப்பதில்தான் சுவை. (பின்னால் வந்தவர்கள் கண்ட வழி இது.) 641-ஐ இரண்டு விதமாகப் பிரியுங்கள்: 625 + 16, 640 + 1.

முப்பத்திரண்டு இரண்டுகளில் நான்கை மட்டும் தனியே எடுத்தால் 16. அந்த 16-ஐ 641 − 625 என்று எழுதலாம். 641-ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டுமே பார்க்கிறோம்; 641-இன் மடங்கு நம் கணக்கில் பூஜ்யத்துக்குச் சமம் என்பதால் அதை ஒதுக்கிவிட்டால், 16 இருந்த இடத்தில் −625 நிற்கும். 625 என்பது நான்கு ஐந்துகளின் பெருக்கல். தொடாமல் விட்ட இரண்டுகள் இருபத்தெட்டு. ஏழேழாகக் கட்டினால் நான்கு கட்டு, ஒவ்வொன்றும் 128. ஒவ்வொரு ஐந்தோடும் ஒரு 128-ஐச் சேர்த்துவிடுங்கள். 5 × 128 = 640. எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்: எண்கள் ஒன்றுகூட மிஞ்சாமல் ஜோடி சேர்ந்துவிட்டன.

640 என்பது 641-க்கு ஒன்று குறைவு; எனவே அதை −1 என்றே கொள்ளலாம். நான்கு −1-களைப் பெருக்கினால் +1. முன்னால் ஏற்கெனவே ஒரு கழித்தல் குறி நிற்கிறது. ஆகவே மொத்தம் −1. கடைசியாகக் கூட்ட வேண்டிய 1-ஐக் கூட்டுங்கள். பூஜ்யம்.

ஆய்லரின் வழி வேறு. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அது 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்று அவர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே பிடிபட்டுவிடுகிறது. ஃபெர்மா 2, 3, 5 என்று பகா எண்களை வரிசையாக எடுத்து வகுத்திருந்தாலும், 116-ஆவதாக 641 வந்து நின்றிருக்கும்.

இந்த வரிசையில் 65,537-க்குப் பிறகு இன்னொரு பகா எண் இதுவரை அகப்படவில்லை. அதற்கடுத்த 28 எண்களும் பகு எண்கள் என்று தெரிந்துவிட்டது. அதற்கும் அடுத்ததில் இலக்கங்கள் மட்டுமே 258 கோடிக்கு மேல். அது எந்தப் பக்கம் என்பது இன்னும் தீரவில்லை.