லிஃப்ட் போடறதுக்கு முன்னாடி டயரைப் பாருங்க

இந்த எபிசோடை ஒரு நேயர் கேள்வியோட ஆரம்பிக்கலாம். வாணியம்பாடியிலேர்ந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணா, புதுசா மூணு கதவு தார் எடுத்திருக்கேன். வாரத்துல ஆறு நாள் ஆம்பூர் ஷூ ஃபேக்டரிக்கு வேலைக்குப் போறேன். மாசத்துல ரெண்டு தடவை ஜவ்வாது மலையில மாமனார் ஊருக்கு ஏறுவோம். கடைசி நாலு கிலோமீட்டர் கல்லும் மண்ணும்தான். மூணு இன்ச் லிஃப்டும் பெரிய எம்.டி. டயரும் போடலாம்னு இருக்கேன். பின் சீட்ல ரெண்டு சின்னப் பசங்க உட்காருவாங்க. என்ன சொல்றீங்க?"

தம்பி, பதிலை முதல்லயே சொல்லிடறேன். முதல்ல டயர். அடுத்தது காத்து. இந்த ரெண்டும் சரியா அமைஞ்ச பிறகும் அடி தட்டினா மட்டும் லிஃப்ட். அதுவும் மூணு இன்ச் வேண்டாம். ஏன்னு ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

நம்ம வண்டி எங்க ஓடுது?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இருக்கற யாரும் முதல்ல இந்தக் கணக்கைப் போடணும். சென்னை–பெங்களூரு ஹைவே நம்ம ஊர் வழியாத்தான் போகுது. தம்பியோட ஓட்டத்துல பெரும்பகுதி அதுலதான். தார் வண்டியா இருந்தாலும் ஓடறது தார் ரோட்டுல. அடுத்தது மலை ரோடு. ஏலகிரிக்கு ஏறினா 14 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது மழை பெஞ்சா பிரேக்கும் டயரும்தான் காப்பாத்தணும். மூணாவது, ஜவ்வாது மலை ஊர்களுக்குப் போற கல்லு ரோடும் மண் ரோடும். ஐப்பசி, கார்த்திகை மழையில அந்தச் செம்மண்ணு வழுக்கும்.

ஆக, பெரும்பகுதி ஹைவே, கொஞ்சம் மலை ரோடு, ரொம்பக் கொஞ்சம் கல்லு. அந்தக் கொஞ்சத்துக்காக மிச்சத்தைக் கெடுத்துக்கக் கூடாது.

லிஃப்ட் எதைத் தூக்குது, எதைத் தூக்கல?

ஆம்பூர்க்காரங்களுக்கு இதைச் சொல்றது சுலபம். லிஃப்டுங்கறது ஷூவுக்கு ஹீல் வைக்கிற மாதிரி. ஆள் உயரமாத் தெரிவாரு. ஆனா தரையில பிடிப்பு கொடுக்கறது சோல்தான். ஹீல் கூடக் கூட கணுக்கால் பிரளற வாய்ப்பும் கூடும்.

2020-ல வந்த தாரோட கிரவுண்ட் கிளியரன்ஸ் 226 மில்லிமீட்டர். ஜிம்னிக்கு 210. தாரோட பின்பக்கம் குனிஞ்சு பாருங்க. ரெண்டு வீலையும் இணைக்கிற ஒரே ஆக்சில், அதுக்கு நடுவுல உருண்டையா தொங்கற டிஃபரென்ஷியல். ஸ்பிரிங்கை மாத்தி ரெண்டு இன்ச் லிஃப்ட் பண்ணினா சேஸிஸும் பாடியும் மேல போகும். ஆனா ஆக்சில் வீலோட சேர்ந்து இருந்த இடத்துலயேதான் இருக்கும். நடு ரோட்டுல நிக்கிற கல்லு அந்த உருண்டையில முன்னாடி மாதிரியேதான் இடிக்கும். ஜிம்னியில முன்பக்கமும் பின்பக்கமும் இதே கதைதான். அந்த உருண்டையை மேல தூக்கறதுக்கு ஒரே வழி பெரிய டயர்.

அப்போ லிஃப்ட் எதுக்கு? மூணு காரணம் நியாயமானது. மேட்டுல ஏறி இறங்கும்போது வயிறு தட்டினா அதுக்கு. பெரிய டயர் வீல் ஆர்ச்ல உரசினா அதுக்கு. இரும்பு பம்பர், வின்ச்னு நிரந்தரமா பாரம் ஏத்தி ஸ்பிரிங் அமுங்கிப் போயிருந்தா அதுக்கு.

லிஃப்டுக்கு நாம கொடுக்கற விலை

தாரோட முன் சஸ்பென்ஷன் பின்னாடி மாதிரி இல்லை. ரெண்டு வீலும் தனித்தனியா அசையும். அங்க லிஃப்ட் பண்ணினா டிஃபரென்ஷியல் சேஸிஸோட சேர்ந்து மேல போகும், உண்மைதான். ஆனா அதுலேர்ந்து வீலுக்குப் போற டிரைவ் ஷாஃப்ட் சரிவா நிக்க ஆரம்பிக்கும். மூணு இன்ச்னா அந்தச் சரிவு ரொம்ப அதிகம். ஜாயின்ட் சீக்கிரம் தேயும், ரப்பர் பூட் கிழியும், உள்ள மண்ணு போகும். கேம்பர், காஸ்டர் எல்லாம் மாறும். அலைன்மென்ட் சரியா வரலேன்னா புது டயர் ஒரு ஓரமாத் தேய்ஞ்சு போகும். பிரேக் ஹோஸ் இழுபடுதான்னு பார்க்கணும். ஹெட்லைட்டைத் தாழ்த்தி வைக்கலேன்னா எதிர்ல வர்றவருக்குக் கண்ணு கூசும்.

ஸ்பேசர் வச்சு விலை குறைவா பண்றாங்களேன்னு கேப்பீங்க. ஸ்பேசர் உயரத்தைத்தான் கொடுக்கும். வீல் மேலயும் கீழயும் போற தூரத்தைக் கூட்டாது. உயரமும் வேணும், ஓட்டமும் நல்லா இருக்கணும்னா ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒண்ணுக்கொண்ணு பொருத்தமா, ஒரே செட்டா வரணும்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், கவிழ்றது. ஒரு உதாரணக் கணக்கு சொல்றேன். ரெண்டு வீலுக்கும் நடுவுல 1500 மில்லிமீட்டர், வண்டியோட எடை மையம் தரையிலேர்ந்து 700 மில்லிமீட்டர்னு வச்சுக்கங்க. நிக்கிற வண்டி சுமார் 47 டிகிரி சாய்ஞ்சா கவிழும். லிஃப்டும் டயரும் சேர்ந்து மையத்தை 75 மில்லிமீட்டர் தூக்கினா அது சுமார் 44 டிகிரி ஆகும். மூணு டிகிரிதானேன்னு தோணும். ஆனா மலையில வண்டி நிக்கிறதில்ல, ஓடுது. ஒரு வீல் கல்லு மேல ஏறும், ஸ்பிரிங் ஒரு பக்கம் அமுங்கும், கேரியர்ல மூட்டை இருக்கும், திருப்பத்துல வேகம் வெளிப்பக்கமா தள்ளும். அந்த 44-ல ஒவ்வொண்ணும் தன் பங்கைத் தின்னும்.

2022 ஏப்ரல்ல திருப்பத்தூர் மாவட்டத்துல நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜவ்வாது மலைப் பகுதியில கோயிலுக்கு ஆட்களை ஏத்திக்கிட்டுப் போன வேன் பள்ளத்துல கவிழ்ந்து 11 பேர் இறந்தாங்க. அது லிஃப்ட் பண்ணின வண்டின்னு நான் சொல்லவரலை. மலை ரோட்டுல கவிழ்றதுன்னா என்னன்னு நம்ம மாவட்டத்துக்குத் தெரியும். மலை ஏறுற வண்டியை ஆள் ஏறும் வண்டியா நினைச்சுத்தான் எந்த மாற்றமும் பண்ணணும். தம்பி சொன்னதுல எனக்குப் பெருசா கேட்டது அந்தப் பின் சீட்தான்.

டயர்: நம்ம வண்டியோட சோல்

டயர்ல மூணு வகை. ஹெச்.டி.ங்கறது ஹைவேக்கு. ஃபார்மல் ஷூ சோல் மாதிரி, சத்தம் இல்லாம ஓடும், சேறு பட்டா வழுக்கும். எம்.டி.ங்கறது சேத்துக்கு. பட்டன் பெருசு, இடைவெளி பெருசு, சேறு தானா உதிரும். ஆனா நனைஞ்ச தார் ரோட்டுல தரையைத் தொடற ரப்பர் குறைவு. பிரேக் போட்டா நிக்கிற தூரம் கூடும். சத்தமும் கூடும், எடையும் கூடும், டீசலும் கூடக் குடிக்கும். நடுவுல ஏ.டி. ரெண்டுக்கும் பொதுவானது. தம்பி மாதிரி வாரம் முழுக்க ஹைவேயிலயும், மாசத்துல ரெண்டு நாள் மலையிலயும் ஓட்டறவங்களுக்கு ஏ.டி.தான் சரி.

சைஸைப் படிக்கக் கத்துக்கங்க. 245/75 ஆர்16-னா அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச் சுவர் உயரம் அதுல 75 சதவீதம், ரிம் 16 இன்ச். மொத்த உயரம் சுமார் 774 மில்லிமீட்டர். அதையே 265/75 ஆர்16 ஆக்கினா 804. முப்பது மில்லிமீட்டர் கூடுது, ஆனா ஆக்சில் உயர்றது அதுல பாதி, 15 மில்லிமீட்டர். இதுக்கு ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது நிஜத்துல 83 போயிட்டிருப்பீங்க. அதுக்கு மேல பெருசாக்கினா உரசலும், இன்ஜின் இழுவைக் குறைவும், பிரேக்குக்குக் கூடுதல் வேலையும் சேர்ந்து வரும்.

18 இன்ச் ரிம்ல 255/65 வர்ற தார் வச்சிருக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. மொத்த உயரம் சுமார் 789 இருந்தாலும் பக்கச் சுவர் 166 மில்லிமீட்டர்தான். 16 இன்ச்ல அது 184. கல்லு ரோட்டுல அந்த 18 மில்லிமீட்டர் ரப்பர் ரொம்ப உதவும். அடி வாங்கினா ரிம் தப்பிக்கும், காத்தும் தாராளமா குறைக்கலாம்.

வாங்கும்போது பக்கச் சுவர்ல இருக்கற நாலு இலக்கத்தைப் பாருங்க. 2324-னு இருந்தா 2024-ம் வருஷம் 23-வது வாரம் தயாரிச்சது. லோட் இண்டெக்ஸ் பழைய டயரை விடக் குறையவே கூடாது. பக்கச் சுவர் கிழிஞ்சா பஞ்சர் ஒட்டி ஓட்ட முடியாது, அதனால ஸ்டெப்னியும் அதே சைஸ்ல இருக்கட்டும். ஃபோர் வீல் டிரைவ்ல நாலு டயரும் ஒரே சைஸ், கிட்டத்தட்ட ஒரே தேய்மானம் இருக்கணும். இல்லேன்னா டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் கஷ்டப்படும்.

காத்து: செலவு குறைவான மாற்றம்

கதவோரம் ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல கம்பெனி சொன்ன அளவு இருக்கும். உதாரணத்துக்கு அது 32 பிஎஸ்ஐ-னு வச்சுக்கங்க. கல்லு ரோடு ஆரம்பிக்கிற இடத்துல நிறுத்தி 22, 24-க்கு இறக்கினா டயர் கல்லைச் சுத்திப் படியும், குலுக்கல் குறையும், பிடிப்பு கூடும். வேகம் 30-க்குள்ள இருக்கணும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி முழுசா நிரப்பணும். காத்து குறைஞ்ச டயர் வேகத்துல சூடாகும். வேலூர் வெயில் சித்திரையில 40 டிகிரி தாண்டும். அந்தத் தார் ரோட்டுல, அந்தச் சூட்டுல டயர் வெடிச்சா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்லை. அதனால லிஃப்டுக்கு ஒதுக்கின காசுல முதல் வேலையா 12 வோல்ட் கம்ப்ரஸரும் நல்ல கேஜும் வாங்குங்க.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்.சி.யில இருக்கற விவரத்துக்கும் கம்பெனி தயாரிச்ச அமைப்புக்கும் மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்துச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதி இல்லாம மாத்தின உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாசம் வரைக்கும் சிறையோ, ரெண்டுமோன்னு இருக்கு. விபத்து நடந்தா இன்சூரன்ஸ் கிளெய்ம்லயும் இந்தக் கேள்வி வரும். அதனால எந்த மாற்றத்துக்கும் முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் கேளுங்க, பதிலை எழுத்துல வாங்குங்க. டயர்ல, அதே மாடலோட வேற வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுக்கற சைஸுக்குள்ள இருந்தா தலைவலி குறைவு.

தம்பிக்கு

இப்ப இருக்கற சைஸ்லயே நல்ல ஏ.டி. டயர் அஞ்சு வாங்குங்க, ஸ்டெப்னியையும் சேர்த்து. கம்ப்ரஸர் வைங்க. அப்படியே ஒரு மழைக்காலம் முழுக்க மலை ஏறி இறங்குங்க. ஒவ்வொரு தடவையும் வண்டிக்கு அடியில படுத்துப் பாருங்க, புதுசா கீறல் எங்க விழுந்திருக்குன்னு. கீறல் டிஃபரென்ஷியல்ல இருந்தா லிஃப்ட் உதவாது. வீலை எந்தக் கல்லு மேல வைக்கணும்னு ஓட்டற வழியைத்தான் மாத்தணும். நடு வயித்துலயோ பம்பர் அடியிலயோ திரும்பத் திரும்ப விழுந்தா, அப்பப் பேசலாம், ஒன்றரையிலேர்ந்து ரெண்டு இன்ச் வரைக்கும், முழு செட்டா, அனுமதியோட.

மாமனார் வீட்டுக்கு வண்டி எவ்வளவு உயரமா வந்துச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. பசங்க பத்திரமா இறங்கினா போதும்.

அடுத்த எபிசோடுல பழைய ஜீப்போட பட்டை ஸ்பிரிங் பத்திப் பேசலாம். கேள்வி இருந்தா வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அனுப்பும்போது வண்டி, டயர் சைஸ், எந்த ரோடு, எத்தனை பேர் ஏறுவீங்க, இந்த நாலையும் சொல்லிடுங்க.