புனித வெள்ளியில் தீ மிதிப்பவர்கள்

தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று ஒரு ஊர். 1893ல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஊர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கே நம்ம ஆட்கள் கட்டிய சிவசுப்பிரமணியர், மாரியம்மன் கோயில் இருக்கிறது. வருஷா வருஷம் தீமிதி நடக்கும். எந்த நாளில்னு பார்த்தால் ஆடி வெள்ளி இல்லை, சித்திரை முதல் ஞாயிறு இல்லை. குட் ஃப்ரைடே. ஏசுவைச் சிலுவையில் அறைந்த நாள். டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலிலும் பெரிய கூட்டம் சேருவது ஈஸ்டர் விடுமுறையில்தான்.

இதைச் சொன்னால் இங்கே ரெண்டு விதமான பதில் வரும். "பாருங்க, வெள்ளைக்காரன் பண்டிகையோட நம்ம அம்மனைக் கலந்துட்டாங்க" என்பது ஒன்று. "ஆஹா, என்ன மத நல்லிணக்கம்" என்பது இன்னொன்று. ரெண்டுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து. ஏன் அந்த நாள் என்று தோண்டிக்கொண்டே போனால், அந்நிய தேசத்தில், மதிப்பே இல்லாத இடத்தில் இருந்துகொண்டு சாமியை விடாமல் இருப்பது என்றால் நடைமுறையில் என்ன என்கிற கேள்வியில் போய் நிற்கிறது.

முதலில் பின்னணி. ட்ரூரோ என்ற கப்பல் 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழர்களும் தெலுங்கர்களும். இவ்வளவு துல்லியமாக எண்ணிக்கை தெரியக் காரணம், ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று பேரேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். டேட்டாபேஸில் வேலை பார்க்கிற என் மாதிரி ஆளுக்கு அது ஒரு பெரிய டேபிள். வட ஆற்காடு, செங்கல்பட்டு ஜில்லாக்காரர்கள் அதில் நிறைய. மாங்காடும் பூந்தமல்லியும் அப்போது செங்கல்பட்டு ஜில்லாதான். அங்கே கங்கையம்மனும் ஆடிக்கூழும் இருப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நம்ம தொண்டை மண்டலத்துச் சாமிகள் அப்படியே கப்பல் ஏறியிருக்கின்றன. கூழ் ஊற்றுவதை அங்கே 'போரிட்ஜ் பிரேயர்' என்கிறார்கள்.

ஒப்பந்தம் 5 வருஷம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். பெரும்பாலும் கரும்புத் தோட்ட வேலை. முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் அபராதம் அல்லது ஜெயில். நம்ம விஷயத்துக்கு முக்கியம் இந்தச் சீட்டுதான். யாரும் வந்து "மாரியம்மனைக் கும்பிடாதே" என்று சட்டம் போடவில்லை. கும்பிட நேரமும் கிடையாது, போக வழியும் கிடையாது, அவ்வளவுதான். சாமியை மறக்கடிக்க இதைவிட நல்ல உத்தி இல்லை. தடை போட்டிருந்தால் எதிர்த்தாவது நின்றிருப்பார்கள்.

மொத்தமாக எல்லோருக்கும் லீவு கிடைத்த நாட்கள் சொற்பம். மொகரத்துக்கு 3 நாள் விட்டார்கள். அதிகாரிகளுக்கு இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, தெரிந்துகொள்ள அக்கறையும் இல்லை. அதற்கு 'கூலி கிறிஸ்துமஸ்' என்று பட்டப்பெயரே வைத்தார்கள். நம்ம ஆட்களும் தாஜியா தூக்கினார்கள், புலி வேஷம் கட்டினார்கள். ஊரிலும் அல்லாப் பண்டிகைக்குப் போய்ப் பழகியவர்கள்தானே. அதை விட்டால் கிறிஸ்தவர்களின் விடுமுறைகள். ஈஸ்டரில் வெள்ளியிலிருந்து திங்கள் வரை தொடர்ந்து 4 நாள்.

தீமிதி தனி ஆளாகச் செய்கிற காரியம் இல்லை. காப்புக் கட்டி விரதம் இருக்கணும், குழி வெட்டணும், விறகு அடுக்கணும், பூசாரி வேணும், பம்பை உடுக்கை வேணும், ஒரே நாளில் பல தோட்டத்து ஜனம் ஒரே இடத்துக்கு வரணும். ஞாயிறு ஒரு நாள் லீவில் இது ஆகாது. கூழ் ஊற்றுவது அப்படியில்லை. லைன் வீட்டு வாசலிலேயே அடுப்பு மூட்டி ஊற்றிவிடலாம். அதனால்தான் கூழ் ஆடியிலேயே நின்றுவிட்டது, தீமிதி மட்டும் ஈஸ்டருக்கு நகர்ந்தது என்பது என் ஊகம்.

இந்த இடத்தில் ஒரு சின்ன கணக்கு. ஈஸ்டர் தேதி நிலவை வைத்து வருவது. மார்ச் 21க்கோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். ஆக குட் ஃப்ரைடே மார்ச் 20க்கும் ஏப்ரல் 23க்கும் நடுவில்தான் விழும். அதாவது பங்குனியில், தப்பினால் சித்திரை முதல் பத்து நாளுக்குள். அதோடு பௌர்ணமிக்கு முந்தின நாள் முதல் பௌர்ணமி கழிந்த ஐந்தாம் நாளுக்குள். நம்ம பக்கத்தில் இது என்ன காலம்? பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, மாரியம்மன் திருவிழா சீசன்! 2024ல் பங்குனி உத்திரம் மார்ச் 25, குட் ஃப்ரைடே மார்ச் 29. 2019ல் ரெண்டும் நேருக்கு நேர்: ஏப்ரல் 19 சித்ரா பௌர்ணமி, அன்றைக்கே குட் ஃப்ரைடே. போதாததற்கு அது வெள்ளிக்கிழமை, அம்மனுக்கு உகந்த கிழமை. கரும்பு அரவை மும்முரமாகத் தொடங்கும் முன்பான நாட்கள் வேறு.

கணக்குப் போட்டுத்தான் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெரும்பாலோர். ஆனால் பௌர்ணமி தெரிய பஞ்சாங்கம் எதற்கு, அண்ணாந்து பார்த்தால் போதாதா? எஜமான் விட்ட லீவு நாட்களுக்குள் அம்மனுக்குப் பொருந்துகிற நாள் ஒன்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்கள். இதில் கலப்பு எங்கே வந்தது? குண்டத்தில் இறங்குகிறவன் மனதில் சிலுவை இல்லை. (தீ நடுவில் ஒற்றைக் காலில் தவம் நின்ற காமாட்சி குடியிருக்கிற ஊர்க்காரன் நான். அம்மனுக்கும் தீக்கும் உள்ள உறவை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.)

பைபிளில் தானியேல் கதை தெரிந்தவர்களுக்கு இது பழக்கமானதாக இருக்கும். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துப் போகப்பட்ட பையன். அங்கே அவனுக்குப் பெல்தெஷாத்சார் என்று வேறு பெயர் வைத்தார்கள், ஏற்றுக்கொண்டான். அவர்கள் பாஷையைப் படித்தான், அரசாங்க உத்தியோகம் பார்த்தான். ஆனால் ராஜாவின் பந்திச் சாப்பாட்டைத் தொடமாட்டேன் என்றான். ஜெபம் செய்யக் கூடாது என்று சட்டம் வந்தபோது, எருசலேம் பார்த்த ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று வேளையும் ஜெபம் செய்தான். சிங்கக் குகை அதற்குப் பிறகு. பெயரை விடலாம், பந்தியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவனுக்கு யார் சொன்னது? கோட்டை எங்கே போடுவது என்பதை அங்கே இருப்பவன்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. எருசலேமில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்ய முடியாது.

நேட்டால் தமிழர்கள் பெயரை விட்டார்கள். கவுண்டர் அங்கே கோவெண்டர், முதலியார் மூட்லி, நாயுடுவும் பிள்ளையும் படையாச்சியும் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். நாளை விட்டார்கள். பின்னால் பாஷையும் பெருமளவு போய்விட்டது. இன்று தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். விட மறுத்தது எதை என்று பார்த்தால், 1913 வருகிறது.

அந்த வருஷம் மார்ச் 14ல் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார். பாய் மரியம் என்ற முஸ்லிம் பெண், அங்கே குடியிருக்கும் கணவனிடம் போக அனுமதி கேட்ட வழக்கு. பலதார மணத்தை அனுமதிக்கிற மதத்தின் முறைப்படி நடந்த கல்யாணம் சட்டத்தின் முன் கல்யாணமே இல்லை என்று தீர்ப்பு. ஒரே மனைவியோடு வாழ்ந்தாலும் அதே கதிதான். ஒரு பேனா வீச்சில் நாட்டிலிருந்த இந்து, முஸ்லிம், பார்சிப் பெண்களில் பெரும்பாலோர் சட்டப்படி மனைவி இல்லை, பிள்ளைகள் வாரிசு இல்லை என்று ஆனது. சுலபமான வழி ஒன்று இருந்தது: போய் வெள்ளைக்காரன் முறைப்படி மறுபடி பதிவு செய்துகொள்வது. ஆனால் அப்படிச் செய்தால் அக்கினி சாட்சியாக நடந்தது பொய் என்று தானே கையெழுத்துப் போட்டுத் தந்த மாதிரி ஆகிவிடும்.

அதுவரை வீட்டிலிருந்த பெண்கள் வெளியே வந்தது இதற்குத்தான். டிரான்ஸ்வாலிலிருந்து கிளம்பிய முதல் குழுவில் கிட்டத்தட்ட எல்லோரும் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு. எல்லை தாண்டி நியூகாசில் போய், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளிடம் 3 பவுன் தலைவரியைப் பற்றிப் பேசினார்கள். அது ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மேல் 1895ல் சட்டம் போட்டு விதித்த வரி. சுரங்கங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. அக்டோபர் 21 அன்று பெண்களைக் கைது செய்து 3 மாதம் மாரிட்ஸ்பர்க் ஜெயிலில் போட்டார்கள். தில்லையாடி வள்ளியம்மை அந்த ஜெயிலிலிருந்துதான் காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். அந்தப் பெண்ணை நம்ம பாடப்புத்தகங்கள் சுதந்திரப் போராட்டத் தியாகி என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அவள் ஜெயிலுக்குப் போன போராட்டத்தில் பாதி, நம்ம கல்யாணம் கல்யாணம்தான் என்பதற்காக என்று யாரும் சொல்வதில்லை.

1914ல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. தலைவரி ஒழிந்தது, ஒரு மனைவி உள்ள கல்யாணம் செல்லும், நம்ம மதக் குருமாரையே திருமண அதிகாரியாக நியமிக்கலாம் என்றானது. முழு வெற்றி இல்லை. இஸ்லாமியத் திருமணங்களைச் சட்டம் அங்கீகரிக்காதது தவறு என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது 2022ல். சேர்ல் தீர்ப்புக்கு 109 வருஷம் கழித்து.

எதிர்ப்பு வெள்ளைக்காரனிடமிருந்து மட்டும் வரவில்லை. 1908ல் ஆரிய சமாஜத்துச் சுவாமி சங்கரானந்தர் வந்தார். தீபாவளிக்கு விடுப்பு வேண்டும் என்று இயக்கம் நடத்தினார், மொகரத்தில் இந்துக்கள் கலந்துகொள்வதைக் கண்டித்தார். மனுஷனுடைய உழைப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருடைய வேத வழி தர்மத்தில் மாரிக்கும் சேவல் பலிக்கும் தீமிதிக்கும் இடமில்லை. கரும்புக்காட்டுப் புற்றைச் சுற்றித் தகரமும் மரமும் வைத்துக் கோயில் கட்டியவர்கள் அதையும் கேட்டுக்கொண்டார்கள், தீபாவளியையும் எடுத்துக்கொண்டார்கள், தீயையும் விடவில்லை. பிறகு வந்த செங்கல் கோயில்கள் பலவற்றில் கிருஷ்டப்ப ரெட்டி, கொத்தனார் ராமசாமி பிள்ளை என்ற ரெண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். கொத்தனார் என்பது தொழில், அங்கே அது பெயரோடேயே ஒட்டிக்கொண்டது.

கிறிஸ்தவர்களை விட்டுவிட்டால் கதை பாதிதான். கப்பல் ஏறியவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். கியர்ஸ்னி தேயிலைத் தோட்டத்துத் தெலுங்கு பாப்டிஸ்டுகள் வெள்ளைக்கார மிஷனோடு கரைந்துவிடாமல், நெல்லூரிலிருந்து 1903ல் ஜான் ரங்கையா என்ற போதகரை வரவழைத்துத் தங்கள் பாஷையிலேயே சபை நடத்தினார்கள். அதுவும் இதே கதைதான், சாமி வேறு. 1930களிலிருந்து பெதஸ்தா என்ற பெந்தெகொஸ்தே சபை டர்பன் இந்தியர்களிடையே பெரிதாக வளர்ந்தது. இன்று பல குடும்பங்களில் அண்ணன் குட் ஃப்ரைடே அன்று சர்ச்சிலும் தம்பி குண்டத்திலும் இருப்பான்.

கடைசி அடி, இன ஒதுக்கல் அரசின் குழுப் பகுதிச் சட்டம், 1950. டர்பனில் கேட்டோ மேனர் என்பது இந்தியர் தோட்டம் போட்டு, கோயில் கட்டி வாழ்ந்த இடம். அதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, 1960களில் வீடுகளை இடித்துத் தள்ளி ஜனங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். வீடெல்லாம் போன பிறகும் கோயில்கள் சில அங்கேயே நின்றன. சாட்ஸ்வொர்த் பக்கம் போனவர்கள் திருவிழாவுக்கு அந்தப் பொட்டல் காட்டுக்குக் காவடி எடுக்கத் திரும்பி வந்தார்கள். சுற்றிலும் ஒரு வீடு கிடையாது.

இன்று எந்த முதலாளியின் சீட்டும் தேவையில்லை. இங்கே மாதிரி ஆடியிலோ சித்திரையிலோ தீமிதியை மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் தென்னாப்பிரிக்காவில் குட் ஃப்ரைடே அரசு விடுமுறை, தீபாவளிக்கு விடுமுறை கிடையாது. நேர்த்திக்கடனோ பாட்டி காலத்திலிருந்தே குட் ஃப்ரைடேக்கு என்று நேர்ந்துகொண்டது. அதனால் மாரிட்ஸ்பர்க்கில் அன்றைக்கு இன்னும் குண்டம் மூட்டுகிறார்கள்.