இடிக்கும் முன்பு எடுத்த நகல்

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி வைத்தியநாதசுவாமி கோயில். தேவார மூவரும் பாடிய தலம். பங்குனியில் நடக்கும் நந்தி கல்யாணத்துக்குச் சுற்றுவட்டாரமே திரண்டு வரும். கல்வெட்டு ஆய்வாளர்களுக்கு இந்த ஊர் வேறொரு காரணத்துக்காக முக்கியமானது.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குச் செம்புக் கலசம் அளித்த சோழ மன்னன் முதலாம் இராஜராஜன், சுமார் மூன்று ஆண்டுகள் கழித்து, தன் 28-ஆம் ஆட்சியாண்டில், திருமழபாடி விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன்பு அதிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்துவிட வேண்டும் என்றும் உத்தரவானது. அடுத்த ஆண்டே மன்னன் மறைந்தான். அவன் மகன் முதலாம் இராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1026 வாக்கில், அந்தப் படியைப் பார்த்துப் புதிய சுவரில் பழைய சாசனங்களை மீண்டும் பொறித்தார்கள்.

ஏன் இத்தனை அக்கறை? கோயில் கல்வெட்டு என்பது பெரும்பாலும் பத்திரம். யார் எந்த நிலத்தைக் கொடுத்தார், அதன் எல்லை எது, ஒரு நந்தா (அணையா) விளக்குக்கு விட்ட 96 ஆடுகளுக்கு யார் பொறுப்பேற்றார் என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுத்து அழிந்தால் உரிமைக்குச் சான்றும் அழியும்.

பழைய சாசனங்களை மீண்டும் பொறித்த இந்தச் செய்தி ஆய்வாளர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. எழுத்தின் வடிவம் நூற்றாண்டுதோறும் மாறும். அதை வைத்தே கல்வெட்டின் காலத்தைக் கணிப்பார்கள். மறுபடி பொறித்த கல்வெட்டிலோ சொல்லப்படும் மன்னன் முற்பட்டவன், எழுத்து பிற்பட்டது. வாசகமும் எழுத்தமைதியும் ஒத்துவராவிட்டால் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது; அது பழைய கல்லின் நகலாக இருக்கலாம். சோழ அரசி செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கிய (கற்கோயிலாகக் கட்டிய) திருக்கோடிகாவிலும் பழங்கல்வெட்டுகள் இப்படித்தான் பிழைத்தன.

திருமழபாடிக் கல்வெட்டுகளை 1895-இல் அரசுக் கல்வெட்டுத் துறை மைப்படி எடுத்தது. ஈரத்தாளைக் கல்லின்மீது ஒட்டித் தூரிகையால் தட்டினால் தாள் எழுத்துக் குழிக்குள் பதியும். மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக நிற்கும். இன்று கைப்பேசிப் படமே முதல் நகலாகிவிடும்.

ஆனாலும் திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சும் சிமென்ட் பூச்சும் எத்தனையோ ஊர்களில் எழுத்தைத் தின்றிருக்கின்றன. உங்கள் ஊர்க் கோயிலில் குடமுழுக்கு வேலை தொடங்கப்போகிறதா? சாரம் கட்டும் முன்பே கல்வெட்டுகளைப் படமெடுத்து, தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சோழர்கள் கடைப்பிடித்த ஒழுங்குதான் இது.