துருப்பிடித்த பீப்பாயில் தோட்டத்து விளக்கு

உங்கள் பம்பு செட் கொட்டகையின் பின்புறத்தைச் சற்று எட்டிப் பாருங்கள். தேய்ந்த கொழு, ஓட்டை விழுந்த பீப்பாய், முறிந்த குழாய் என்று ஏதாவது ஒன்று துருவேறிக் கிடக்காத தோட்டமே இல்லை. பழைய இரும்பு எடுப்பவர் வரும்போது அவர் சொன்ன விலைக்கு எடை போட்டு அனுப்பிவிடுகிறோம்.

எங்கள் வீட்டிலிருந்து அப்படிப் போகவிருந்தது ஒரு கவலைச் சால். கிணற்றுக்கு மின்சார மோட்டார் வந்த பிறகு மாடுகளை விற்றோம், வடம் இற்றுப்போயிற்று, சாலின் தோல்வாலை எலி தின்றது. இரும்புச் சால் மட்டும் மாட்டுக்கொட்டகை மூலையில் கிடந்தது. எடைக்குப் போடலாம் என்று நான் எடுத்தபோது என் தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. எழுந்து வந்து அதன் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. இரவு முறை மின்சாரத்துக்காக மோட்டார் போடப் போன நான், கொட்டகைப் படியில் கட்டுவிரியன் சுருண்டு கிடப்பதை ஓரடி தூரத்தில்தான் கண்டேன். கையில் இருந்த டார்ச்சு விளக்கு மங்கல். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. அதனாலேயே பலர் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதித்து உயிரை விடுகிறார்கள். வீட்டிலிருந்து கிணறு வரை தடத்தில் நாலு விளக்கு வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். கடையில் விற்கும் அலங்கார விளக்குகளின் விலை கட்டுப்படியாகவில்லை. சாலும் பீப்பாயும் இருக்க, கடைக்கு ஏன் போக வேண்டும்?

சாலில் வேலை அதிகமில்லை. அதைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தொங்கவிட்டோம். தோல்வால் கட்டியிருந்த வாய் இப்போது மேலே வந்தது. ஒயர் இறங்க அதுவே வழி. மழை இறங்காதபடி அதன்மேல் ஒரு வட்டத்தகட்டைத் தொப்பிபோலக் கவிழ்த்தார் ஆசாரி. பக்கவாட்டில் துரு தின்ற ஓட்டைகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றோடு இன்னும் முப்பது, நாற்பது துளைகளைப் போட்டதும் கோலப்புள்ளி வைத்ததுபோல ஆகிவிட்டது.

எல்லோரிடமும் சால் இராது. பீப்பாய் எங்கும் கிடைக்கும். 200 லிட்டர் பீப்பாயின் குறுக்களவு சுமார் 58 செ.மீ., உயரம் சுமார் 88 செ.மீ. மூடியையும் அடியையும் நீக்கிவிட்டு, நெடுக்கில் மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் 60 செ.மீ. அகலமுள்ள வளைந்த தகடு. அவற்றைக் குறுக்கில் பாதியாக்கினால் ஆறு தகடு. இதைச் சுவரில் கவிழ்த்துப் பொருத்தினால் நடுவில் 14 செ.மீ. இடைவெளி இருக்கும், பல்பு வைக்க அது தாராளம். தடத்து ஓரத்தில் நிறுத்துவதானால் பழைய குழாய்த் துண்டு இரண்டை அடித்து, அவற்றில் போல்ட் போட்டு முடுக்கலாம். தகட்டைச் சுருட்டி உருளையாக்க முயல வேண்டாம். பீப்பாயைச் சுற்றியுள்ள இரண்டு புடைப்பு வளையங்கள் வளைந்து கொடுக்காமல் உயிரை வாங்கும். எண்ணெய் டின் வெட்டச் சுலபம், ஆனால் தகரம் மெல்லியது. சில மழைக்காலத்தில் சல்லடையாகிவிடும்.

பீப்பாய் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் விசாரியுங்கள். பெட்ரோல், டீசல், தின்னர் இருந்த பீப்பாயைக் கேஸ் கட்டிங்காலோ, பொறி பறக்கும் கட்டிங் மெஷினாலோ வெட்டக் கூடாது. காலியாகிப் பல மாதம் ஆன பீப்பாயிலும் ஆவி தங்கியிருக்கும். ஒரு பொறி போதும், மூடி வெடித்துப் பறந்து ஆளைக் கொன்றுவிடும். பூச்சிமருந்து இருந்த கலத்தைத் தொடவே வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் மருந்து மடிப்புகளில் நிற்கும். சமையல் எண்ணெய் இருந்த பீப்பாயானால் சோடா உப்புக் கரைத்த வெந்நீரால் இரண்டு முறை கழுவி, மூடி திறந்தபடி வெயிலில் காய வைத்து, உளியால் வெட்டுவது நல்லது. துத்தநாகம் பூசிய தகட்டில் நெருப்புப் பட்டால் வெண்புகை வரும். அதைச் சுவாசித்தால் அன்று மாலையே குளிர்காய்ச்சல் வந்து ஆளைப் படுக்க வைக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அதையும் கொளுத்தி நீக்கலாகாது, உலர்ந்தபடி தேய்த்துத் தூளாக்கவும் கூடாது.

இனி சித்திர வேலை. நெற்கதிர், மயில், மாங்காய், எது வேண்டுமானாலும் சுண்ணாம்புக்கட்டியால் தகட்டில் வரைந்துகொள்ளலாம். எங்கள் வீட்டுப் பெண்கள் கம்பிக் கோலம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆசாரி பார்த்துவிட்டுச் சிரித்தார். கோலத்தில் கோடு சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேருகிறது. கோட்டின் மேலேயே வெட்டிக்கொண்டு போனால் உள்ளிருக்கும் தகடு முழுவதும் கழன்று கையோடு வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு மூன்று இடங்களில் விரல் அகலத்துக்கு வெட்டாமல் விட வேண்டும். இல்லையேல் புள்ளிகளை மட்டும் துளையிட்டு, கோட்டையும் சிறு துளைகளின் வரிசையாகவே காட்டலாம். நாங்கள் இரண்டாவது முறையைத்தான் பின்பற்றினோம். இரவில் பார்க்க அதுதான் எடுப்பாக இருக்கிறது.

துளையிடும்போது தகட்டின் அடியில் உருண்டையான வேப்பமரத் துண்டு ஒன்றைக் கொடுங்கள். வெறும் தரையில் வைத்து அடித்தால் தகடு நெளியும். வெட்டிய விளிம்பு கத்தி போலிருக்கும்; எல்லா விளிம்பையும் அரத்தால் ராவிவிட வேண்டும். தோல் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளக் கூச்சப்பட வேண்டாம். துரு கிழித்தால் ஜன்னி வரும் என்பது பாதிதான் உண்மை. ஜன்னிக்குக் காரணமான கிருமி துருவில் பிறப்பதில்லை, மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. நம் தோட்டத்து இரும்பில் இரண்டும் ஒட்டியிருப்பதால் ஆழமாகக் குத்தினால் ஆபத்துதான். கடைசியாகத் தடுப்பூசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் அன்றே போட்டுக்கொள்ளுங்கள்.

துருவின் நிறமே அழகு என்று வெளிநாடுகளில் பெரிய கட்டடங்களையே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். டிராக்டர் செய்யும் டீர் கம்பெனி அமெரிக்காவின் மோலின் நகரில் 1964-இல் திறந்த தலைமை அலுவலகத்தின் சட்டங்கள் யாவும் பெயிண்ட் அடிக்காத, துருவேறிய எஃகு. சாரினென் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது அது. ஆனால் அது 'கார்டென்' எனப்படும் தனி எஃகு. செம்பு, குரோமியம் முதலியன சிறிது கலந்திருப்பதால் மேல்துரு தோல்போல இறுகி, உள்ளே அரிப்பதை வெகுவாகக் குறைத்துவிடும். நம் பீப்பாய்த் தகட்டுக்கு அந்தக் குணம் இல்லை. அதன் துரு உதிர்ந்துகொண்டே போகும்.

ஆகவே நிறத்தைக் காப்பாற்றி, அரிப்பை நிறுத்தப் பார்க்க வேண்டும். கம்பி பிரஷால் தேய்த்து உதிரும் பொருக்கை நீக்குங்கள். ஒட்டி நிற்கும் செந்துரு இருக்கட்டும். புதிதாக வெட்டிய இடங்கள் வெள்ளையாகப் பளிச்சிடும். உப்புநீர் தெளித்து இரண்டு மூன்று நாள் வெளியில் போட்டால் அவையும் நிறம் மாறும். பிறகு உப்பு கொஞ்சமும் இல்லாமல் நல்ல தண்ணீரில் கழுவிக் காய வைக்க வேண்டும், உப்பு தங்கினால் அரிப்பு நிற்காது. அதன்மேல் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக இரண்டு கை பூசுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ பூசினால் சரியாகக் காயாமல் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி எறிந்துவிடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வைக்கோல் போர் இருக்கும் இடத்தில் சொல்லவே வேண்டியதில்லை. தண்ணீரில் நனைத்து, தரையில் விரித்துக் காயப் போடுங்கள்.

இரும்பு விளக்குக்கு 230 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டு போக வேண்டாம். கூரிய விளிம்பில் ஒயர் உரசி மேலுறை கிழிந்தால் விளக்கே எமனாகும். 12 வோல்ட் எல்.இ.டி. பல்பு 3 வாட் போதும். நான்கு விளக்கும் சேர்ந்து 12 வாட். இரவில் ஐந்து மணி நேரம் எரிந்தால் பாட்டரியில் 5 ஆம்பியர்-மணி செலவு. பயன் முடியாத டிராக்டர் பாட்டரி ஒன்றும் 20 வாட் சோலார் தகடும் இதற்குத் தாங்கும். பாட்டரிக்கு அருகில் ஃபியூஸ் அவசியம். தகட்டில் ஒயர் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம் போடத் தவறாதீர்கள்.

பல்பு மஞ்சள் நிறமாக இருக்கட்டும். வெள்ளை விளக்குக்குப் பூச்சிகள் அதிகம் வரும். பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பின்னால் எது வரும் என்று நான் சொல்ல வேண்டாம். வாசற்படிக்கு மேலேயே மாட்டாமல் நாலடி தள்ளி மாட்டுவதும் இதற்காகத்தான்.

வெளிச்சம் பயிர்மேல் விழாமலும் பார்க்க வேண்டும். சாமந்தி இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். பூப்பதைத் தள்ளிப்போடவே பசுமைக்குடில்களில் இரவில் விளக்குப் போடுகிறார்கள். பகல் குறுகும்போது கதிர் தள்ளும் பழைய சம்பா ரகங்களும் அப்படியே. விளக்குக்கம்பத்தடியில் மட்டும் பயிர் கதிர் வராமல் பச்சையாக நிற்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். எனவே வயல் பக்கம் துளை போடாமல், தடத்தின் பக்கம் மட்டும் போடுங்கள்.

அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் அதை ஆணியால் குத்திப் பாருங்கள், மண் அடைத்திருக்கும். எங்கள் சால் விளக்கில் போன வருஷம் குளவி ஒன்று மண்கூடு கட்டிவிட்டது. இடிக்க வேண்டாம் என்று தகப்பனார் சொல்லிவிட்டதால், குஞ்சு பறந்து போகும் வரை அந்த ஒரு விளக்கை மட்டும் ஏற்றவில்லை.