மகிழுந்து ஏன் புறப்படவில்லை?

தில்லியில் சனவரித் திங்களின் ஒரு காலைப்பொழுது. மூடுபனி தெருவிளக்குகளையும் மறைத்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி செய்முறைத் தேர்வுக்காக மகிழுந்தில் ஏறி அமர்ந்தாள். தாய் முகப்பு விளக்குகளை ஏற்றிச் சாவியைத் திருப்பினார். ‘டிக்’ என்னும் ஒலி ஒருமுறை எழுந்தது; ஒளிர்ந்த விளக்குகள் மங்கி அணைந்தன; இயந்திரம் அசையவில்லை. அண்டை வீட்டார், “குளிர்காலம் அல்லவா? பேட்டரி போய்விட்டது. புதியது வாங்கிவிடுங்கள்” என்றார். அதுவோ மாதக் கடைசி. புதிய பேட்டரியின் விலையோ பல ஆயிரம் ரூபாய். தாயும் மகளும் ஆட்டோவில் புறப்பட்டனர்.

அண்டை வீட்டார் கூறியது உண்மையாக இருக்கலாம். குளிர் மிகுந்தால் பேட்டரிக்குள் நிகழும் வேதிவினை மந்தமாகும். எண்ணெய் கெட்டிப்பட்டு இயந்திரமும் எளிதில் சுழலாது. ஆயினும், ‘இருக்கலாம்’ என்பது ‘இருக்கிறது’ ஆகிவிடாது. இரண்டிற்கும் இடையே சோதனை என்னும் படி ஒன்று உண்டு.

மகிழுந்தின் இயந்திரம் தானாகச் சுழலத் தொடங்காது. முதற்சுழற்சியைப் பிறிதொன்று தரவேண்டும். முற்காலத்தில் கைப்பிடியைச் செருகிச் சுற்றினர். அது எதிர்த்திசையில் திரும்பி அடித்ததால் கை முறிந்தோரும் உண்டு. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்தொடக்கி, 1912ஆம் ஆண்டின் கேடிலாக் மகிழுந்துகளில் இடம்பெற்ற பின்னர் அத்துன்பம் படிப்படியாக நீங்கியது.

இன்றைய மகிழுந்தில் மின்சாரம் செல்லும் வழி எளியது. பேட்டரியில் ஆறு மின்கலங்கள் தொடராக இணைந்துள்ளன. சாவியைத் திருப்பியதும் சிறிதளவு மின்னோட்டம் சாலினாய்டு என்னும் மின்காந்த இணைப்பிக்குச் செல்கிறது. அது ‘டிக்’ என்ற ஒலியுடன் பெரிய இணைப்பை மூடுகிறது. உடனே நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் தடித்த கம்பி வழியே ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பாய்ந்து, இயந்திரத்தின் உலோக உடல் வழியாகவும் புவிக்கம்பி வழியாகவும் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்புகிறது. இவ்வழியில் எவ்விடத்தில் தடை நேர்ந்தாலும் வண்டி புறப்படாது.

பழுதின் இடத்தைக் கண்ணும் செவியுமே ஓரளவு காட்டிவிடும். விளக்குகள் தொடக்கத்திலேயே மங்கியிருந்து, ‘டிக் டிக் டிக்’ என விரைந்த ஒலி கேட்டால், பேட்டரியில் மின்னூட்டம் குறைந்திருக்கக்கூடும். விளக்குகள் ஒளி குன்றாதிருக்க, ‘டிக்’ என்ற ஒலி மட்டும் கேட்டால், சாலினாய்டையோ மோட்டாரையோ ஐயுறலாம். ஒலியே எழாவிடில் உருகி, ரிலே, சாவிப்பொறி ஆகியவற்றையும், தானியங்கி வண்டியாயின் கியர் தண்டின் நிலையையும் பார்க்கவேண்டும். மோட்டார் நன்கு சுழன்றும் இயந்திரம் உயிர்பெறாவிடில், குறை எரிபொருளிலோ தீப்பொறியிலோ இருத்தல் கூடும். விளக்குகள் முதலில் நன்கு ஒளிர்ந்து, சாவியைத் திருப்பியதும் அணைந்துவிட்டால் பேட்டரி முனைகளின் இணைப்பை முதலில் நோக்குதல் வேண்டும்.

அடுத்து வருவது அளவீடு. வண்டி சில மணிநேரம் ஓய்ந்திருந்தபின், மின்னூட்டம் நிறைந்த பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2 வோல்ட் என்றால் ஏறத்தாழ பாதியளவே எஞ்சியுள்ளது. இயந்திரம் ஓடும்போது பொதுவாக 14 வோல்ட்டை ஒட்டிய அளவு காணப்படும். அது 12.6க்கும் கீழேயே நின்றால், பேட்டரிக்கு மின்னூட்டும் ஆல்டர்னேட்டரைச் சோதிக்கவேண்டும். அதில் பழுதிருக்கப் புதிய பேட்டரி வாங்கினால், அதுவும் சில நாள்களில் ஓய்ந்துவிடும்.

மாலையில் வீடு திரும்பிய மாணவி பன்னளவியைக் கையில் எடுத்தாள். பேட்டரி 12.5 வோல்ட் காட்டியது. தாய் கியரை நடுநிலையில் வைத்து, கைத்தடுப்பை இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். அப்போது பேட்டரியின் ஈய முனைகளுக்கிடையே மின்னழுத்தம் 11 வோல்ட்டுக்கு மேலேயே நின்றது. அம்முனைகளைப் பற்றியிருந்த கவ்விகளுக்கிடையே அளந்தபோதோ 5 வோல்ட்தான் இருந்தது. முனைக்கும் கவ்விக்கும் இடையே எஞ்சிய மின்னழுத்தம் வீணாகியது. அங்கே வெண்பச்சை நிறத்தில் உப்புப் படிந்திருந்தது.

இதன் காரணத்தை ஓம் விதி விளக்கும். அப்படிவின் மின்தடை 0.05 ஓம் என்று கொள்வோம். விளக்குகளுக்கு 10 ஆம்பியர் செல்லும்போது 0.5 வோல்ட் மட்டுமே இழப்பாகும். விளக்குகள் நன்றாகவே எரியும். மோட்டாருக்கு 150 ஆம்பியர் செல்லவேண்டுமாயின் 7.5 வோல்ட் அங்கேயே இழப்பாகும். ஆகவே மோட்டாருக்குப் போதிய ஆற்றல் கிட்டாது. விளக்கு எரிவதை மட்டும் கண்டு இணைப்பு நன்றென முடிவுசெய்தல் பிழை என்பது இதனால் புலப்படும்.

தாய் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, எதிர்முனைக் கவ்வியை முதலில் கழற்றினார். நேர்முனையை முதலில் கழற்றும்போது திருகுக்கருவி வண்டியின் உடலில் பட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும். சமையல் சோடா கரைத்த நீரால் படிவை நீக்கி, துடைத்து உலர்த்தியபின், நேர்முனையை முதலிலும் எதிர்முனையை இறுதியிலும் இறுக்கினார். சாவியைத் திருப்பியதும் இயந்திரம் முழங்கியது. புதிய பேட்டரிக்கான செலவு மிஞ்சியது.

பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வளி வெளிப்படலாம். எனவே அருகில் தீயோ தீப்பொறியோ ஆகாது. எரிந்த உருகிக்கு மாற்றாக அதே அளவுள்ள உருகியையே இடவேண்டும். கம்பியைச் சுற்றினால் வண்டியே தீப்பற்றக்கூடும். இச்சோதனைகளை மாணவர்கள் பெரியோர் துணையுடனேயே செய்தல் வேண்டும்.

பழுதைக் கண்டறியாமல் உறுப்பை மாற்றுவது, நோயை அறியாமல் மருந்து உண்பதற்கு ஒப்பாகும். முதலில் நோக்குக, அடுத்து அளந்தறிக, அதன்பின் மாற்றுக.

சிந்தித்து விடை எழுதுக
1. விளக்குகள் எரிந்தும் மோட்டார் சுழலாமைக்குக் காரணம் யாது?
2. எதிர்முனைக் கவ்வியை முதலில் கழற்றுவது ஏன்?
3. ‘இருக்கலாம்’ என்பது ‘இருக்கிறது’ ஆகிவிடாது. இக்கூற்றை உம் வாழ்வில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குக.