கறுப்பு ஒனிக்ஸ்: எது அசல், எது ஏமாற்று?

"சாயம் போடாத அசல் கறுப்பு ஒனிக்ஸ்" என்று யாராவது கூடுதல் விலை சொன்னால், அந்த இடத்திலேயே சந்தேகப்படுங்கள். நகைப் பட்டறையில் பல வருடமாகக் கல் பதிப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

ஒனிக்ஸ் என்பது குவார்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த கல்செடனி. இயற்கையில் கறுப்பும் வெள்ளையும் நேரான பட்டைகளாக இருக்கும். முழுக்கக் கறுப்பாகக் கிடைப்பது மிக அரிது. கடைகளில் உள்ளவை அநேகமாக எல்லாமே சாம்பல் நிறக் கல்லைக் கறுப்பாக்கியவை. கல்லைச் சீனிக் கரைசலில் நாட்கணக்கில் ஊறவிட்டு, பின்னர் கந்தக அமிலத்தில் இடுவார்கள். நுண்துளைகளுக்குள் போன சீனி அங்கேயே கரியாகிவிடும். ஜேர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் பட்டறைகள் 19ஆம் நூற்றாண்டிலேயே இதில் பெயரெடுத்தவை. கழுவினாலும் அந்தக் கறுப்பு போகாது. உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட முறை என்பதால் இதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் இதையும் இயற்கைக் கறுப்பையும் வீட்டில் வைத்துப் பிரித்தறிய வழியில்லை. அப்படியிருக்க, "சாயமில்லை" என்று சொல்லி விலையேற்றுபவர் எதை வைத்துச் சொல்கிறார்?

ஓர் அம்மா தோட்டை அடகு வைத்து வாங்கிய மோதிரத்தை என்னிடம் காட்டினார். காணாமலாக்கப்பட்ட மகன் திரும்பி வருவான், சனி தோஷம் நீங்கும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். வில்லையால் பார்த்தேன். உள்ளே சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள். வெறும் கண்ணாடி. (சனிக்குரிய கல்லாகச் சாத்திரம் சொல்வதும் நீலத்தைத்தான்.)

குமிழி தெரிந்தால் அது கல்செடனி அல்ல. பிளாஸ்டிக் என்றால் கன்னத்தில் வைத்தவுடனே சூடேறிவிடும், பாரமும் இருக்காது. ஒனிக்ஸ் சற்று நேரம் குளிர்ந்தே இருக்கும். ஆனால் கண்ணாடியும் குளிரும், எனவே இதை மட்டும் நம்பவேண்டாம். கடினத்தன்மை ஒனிக்ஸுக்கு 6.5 முதல் 7 வரை, சாதாரணக் கண்ணாடிக்கு ஏறக்குறைய 5.5. அதனால் ஒனிக்ஸ் கண்ணாடித் துண்டில் கீறல் போடும். பதித்த கல்லில் இதைச் செய்யாதீர்கள், விளிம்பு உடையலாம். மை பூசிய மலிவுக் கல்லைக் கியூடெக்ஸ் அழிக்கும் அசிற்றோன் தொட்ட பஞ்சால் துடைத்தால் பஞ்சு கறுக்கும். மணிமாலை என்றால் துளையின் உட்புறத்தைப் பாருங்கள், சாயம் அங்கேதான் திரண்டிருக்கும்.

ஒனிக்ஸ் மலிவான கல். மோதிரத்தின் விலையில் பெரும்பங்கு வெள்ளிக்கும் கூலிக்கும்தான் போகவேண்டும். பெரிய தொகை கேட்டால், தேசிய மாணிக்கக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபையின் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். பற்றுச்சீட்டில் "கல்செடனி, நிறமேற்றியது" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் காசை எடுக்காமல் எழும்பி வாருங்கள்.